பஞ்சாங்கத்துக்கு முன் கிணற்றைப் பாருங்கள்: ஆரம்பாக்கத்தில் வீட்டுத் தோட்டம்

சென்னையிலிருந்து சூலூர்பேட்டைக்குப் போகும் ரயில் பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டி ஆரம்பாக்கத்தில் நிற்கும். தமிழ்நாட்டின் கடைசி நிலையம் இதுதான். அடுத்தது தடா, ஆந்திரம். கிழக்கே சில கிலோமீட்டர் நடந்தால் பழவேற்காடு ஏரி. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். வடமேற்கே எல்லையைத் தாண்டினால் 2008-ல் தொடங்கிய ஸ்ரீசிட்டி. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது.

ஏரிக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கும் இந்த ஊர்ப்பக்கம் நிலத்தின் கணக்கே மாறிவிட்டது. அப்பா காலத்தில் ஏக்கர் கணக்கில் நெல்லும் வேர்க்கடலையும் போட்ட குடும்பங்களில் பலருக்கு இன்று மிஞ்சியிருப்பது வீட்டுக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ சென்ட். மகனும் மருமகளும் ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். வீட்டில் இருக்கும் பெரியவருக்கு மண்வெட்டி பிடித்த கை சும்மா இருக்காது. ஆடி பிறந்ததும் கொல்லையைக் கொத்தி, கத்தரியும் வெண்டையும் அவரையும் ஊன்றுகிறார். விதை முளைக்கிறது. இரண்டு இலை விட்டதும் ஓரம் கருகுகிறது. பிறகு ஒவ்வொன்றாக மடிகிறது.

விதை சரியில்லை என்பார்கள். கண் பட்டுவிட்டது என்றும் சொல்வார்கள். ஏரியை ஒட்டிய ஊர்களில் பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்தான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழி பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்னவர்கள் நல்ல தண்ணீர் இருக்கும் நிலத்தை மனதில் வைத்துச் சொன்னார்கள். ஆரம்பாக்கம் போன்ற ஊரில் பட்டத்தைத் தீர்மானிப்பது மாதம் மட்டுமல்ல. அந்த மாதத்தில் கிணற்றில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதும்தான்.

ஏரியின் உப்பு கிணற்றுக்கு வரும் வழி

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்கே ஆரணி ஆறும், வடக்கே காளங்கி, சுவர்ணமுகி ஆறுகளும் மழைக்காலத்தில் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அப்போது ஏரியின் உப்பு குறைகிறது. கோடையில் ஆறுகள் வறண்டு, வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு ஏறுகிறது. ஏரியில் நடப்பது கொஞ்சம் தள்ளிக் கரையோரக் கிணறுகளிலும் நடக்கிறது.

கடலோர மண்ணுக்குள் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அடுக்காக இருக்கின்றன. உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் கிடக்கும். மழையால் சேர்ந்த நல்ல தண்ணீர் லேசானது, அதன்மேல் மிதக்கும். கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், அது கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. இதைத் திருப்பிப் படித்தால்தான் ஆபத்து புரியும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஓரடி நிரந்தரமாக இறக்கினால், அடியில் இருக்கும் உப்பு 40 அடி மேலே ஏறப் பார்க்கும். நல்ல தண்ணீர் வேண்டுமென்று போரை ஆழமாக இறக்கிக்கொண்டே போகிறவர்கள் சில சமயம் உப்பைத் தேடித்தான் போகிறார்கள்.

இதற்கு எடுத்துக்காட்டு இதே ரயில் பாதையில் தெற்கே இருக்கும் மீஞ்சூர். சென்னையின் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் பாசனத்துக்குமாக ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளிலிருந்து தண்ணீர் இறைக்கப்பட்டபோது, 1960-களின் இறுதியிலேயே அங்கே கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்தது கண்டறியப்பட்டது. அடுத்த இருபதாண்டுகளில் அது இன்னும் உள்ளே போனது. உள்ளே வந்த உப்பை வெளியே அனுப்ப ஒரு மழைக்காலம் போதாது.

ஏரிக்கரையில் இறால் குட்டைகள் பெருகியபோதும் இதே கவலைதான் எழுந்தது. பழவேற்காடு, சிலிகா ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் வளர்ப்புத் தொழில் கூடாது என்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் பின்னணியில், குடிநீர்க் கிணறுகளும் வயல்களும் உவராகிப் போன கடலோர மக்களின் முறையீடு இருந்தது.

கொல்லையிலேயே தெரியும் அடையாளங்கள்

வேலியோரத்தில் தானாக முளைப்பதை முதலில் பாருங்கள். சதைப்பிடிப்பான சின்ன இலையோடு உமிரி படர்ந்திருந்தால் மண்ணில் உப்பு அதிகம். வெயில் காலத்தில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உவர். மண் கறுத்து, காய்ந்தால் பாறை போல் இறுகி, மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் நின்றால் அது களர். இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு. களருக்குத்தான் ஜிப்சம். உவர் மண்ணுக்கு ஜிப்சம் போட்டுப் பயனில்லை; நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து வடித்து வெளியேற்றுவதுதான் வழி. எது என்று தெரியாமல் மூட்டை வாங்கிக் கொட்டினால் காசுக்குத்தான் நஷ்டம்.

அடுத்தது தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் நாக்குக்கு உப்பு தெரியும் முன்பே பீன்ஸுக்குத் தெரிந்துவிடும். ஆகவே வேளாண்மைத் துறையின் மண், நீர்ப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின் கடத்துத்திறனைப் பார்த்துவிடுவது நல்லது. அறிக்கையில் 0.75 டெசிசைமனுக்குக் கீழே இருந்தால் எந்தக் காய்கறியும் போடலாம். 0.75 முதல் 2.25 வரை இருந்தால் பயிரைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். அதற்கு மேல் போனால் உப்பு தாங்கும் பயிர்கள் மட்டும், அதுவும் மழைத் தண்ணீரைக் கலந்து.

உப்பை எது தாங்கும் என்பதில் காய்கறிகளுக்குள் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம், வெண்டை ஆகியவை உப்புக்கு எளிதில் வாடும். தக்காளி, கத்தரி, மிளகாய் ஓரளவு சமாளிக்கும். பீட்ரூட், கொத்தவரை, பருப்புக்கீரை ஆகியவை நன்றாகத் தாங்கும். மரங்களில் தென்னை, சப்போட்டா, இலந்தை, நெல்லி ஆகியவற்றை நம்பி வைக்கலாம். உப்புக் கிணற்றுக்காரர் பக்கத்து வீட்டில் வெண்டை காய்க்கிறதே என்று ஏங்க வேண்டியதில்லை. அந்த வீட்டின் கிணறு வேறாக இருக்கலாம். மணல் மேட்டில் இருக்கும் ஆழமில்லாத கிணறு இனிப்பாகவும், நூறடி தள்ளி இருக்கும் ஆழமான போர் உப்பாகவும் இருப்பது இந்தக் கடலோரத்தில் புதிதல்ல.

வானம் தரும் நல்ல தண்ணீர்

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவத்தில் மாலை நேர இடிமழையாக ஒரு பங்கு கிடைக்கிறது. பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. மழைநீர் சேகரிப்பு 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது அதைக் குடிநீருக்காக என்று நினைத்தவர்கள் அதிகம். உவர்க் கிணறு உள்ள ஊரில் அது காய்கறிக்கும் உயிர்.

கணக்கு எளிது. 500 சதுர அடி தளம் போட்ட வீட்டின் மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 460 லிட்டர் தண்ணீர் விழுகிறது. சிந்தியது, உறிஞ்சியது போக 370 லிட்டர் பிடிக்கலாம். ஒரு பருவத்தில் 600 மில்லிமீட்டர் பெய்தால் 22,000 லிட்டர். அத்தனையையும் தொட்டியில் தேக்க யாராலும் முடியாது. 1,000 லிட்டர் தொட்டி ஒன்றை நிரப்பிக்கொண்டு, மீதியை மணல், ஜல்லி, கரி போட்ட வடிகுழி வழியாகக் கிணற்றுக்கோ, கிணற்றோரக் குழிக்கோ விட்டுவிடலாம். மேலே மிதக்கும் நல்ல தண்ணீர் அடுக்கு அதனால் தடிக்கும். முதல் மழையில் தளத்துத் தூசியும் காக்கை எச்சமும் வரும். அதை வெளியே விட்டுவிட வேண்டும்.

100 சதுர அடிப் பாத்திக்கு வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 45 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். தொட்டியில் இருக்கும் 1,000 லிட்டரைத் தனியாக ஊற்றினால் இருபது நாளைக்கு வரும். கிணற்றுத் தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்றினால் நாற்பது நாள். கிணற்றின் அளவு 3 ஆக இருந்தால் கலந்த தண்ணீர் 1.5-க்கு இறங்கிவிடும். கத்தரிக்கு அது கொஞ்சம் கடினம்தான், ஆனால் சாகாது.

இன்னொரு சிக்கனம் நாற்றில் இருக்கிறது. எந்தப் பயிரும் முளைக்கும்போதும் நாற்றாக இருக்கும்போதும்தான் உப்புக்கு அதிகம் பயப்படும். வேர் ஊன்றி வளர்ந்தபின் தாங்கும் சக்தி கூடும். ஆகவே நாற்றுக்கு மட்டுமாவது மழைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழித்தட்டிலோ பழைய டிரேயிலோ முப்பது நாற்று வளர்க்க நாளைக்கு இரண்டு லிட்டர் போதும். ஆடியில் விதைத்து மடிந்துபோகும் செடிகளில் பெரும்பங்கை இந்த ஒரு காரியம் காப்பாற்றும்.

மாதம் மாதமாக

சித்திரை, வைகாசி: கிணற்றில் உப்பு உச்சத்தில் இருக்கும் நேரம். கத்திரி வெயிலில் புதிதாக எதையும் நட வேண்டாம். இருக்கும் செடிக்கு வைக்கோல், தென்னை ஓலை, காய்ந்த சருகு கொண்டு நான்கு விரல் கனத்துக்கு மூடாக்கு போட்டால் போதும். வெறும் மண்ணில் வெயில் பட்டால் அடியிலிருக்கும் தண்ணீர் மேலே ஏறி ஆவியாகும். உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கிவிடும். மூடாக்கு இதைத் தடுக்கும். மக்கு உரக் குழி தயார் செய்ய இதுவே காலம்.

ஆனி, ஆடி: மாலை மழை ஒன்றிரண்டு விழுந்ததும் பாத்தி எடுக்கலாம். சுரை, பீர்க்கன், புடலை, பாகலுக்கு ஒன்றரை அடி ஆழ அகலத்தில் குழி எடுத்து, மக்கிய சாணி எருவும் மேல்மண்ணும் சரிபாதி நிரப்பி, குழிக்கு நான்கைந்து விதை ஊன்றி, தெம்பான இரண்டை விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். பந்தல் அவரைக்கு ஆடிதான் மாதம். பகல் சுருங்கும் மார்கழி, தையில்தான் அது பூத்துக் காய்க்கும். மாசியில் விதைத்துவிட்டுக் கொடி மட்டும் ஓடுகிறதே என்று கேட்பதில் அர்த்தமில்லை. கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றும் இப்போது விட வேண்டும்.

ஆவணி, புரட்டாசி: நாற்று நடும் காலம். இங்கே பாத்தியை ஓரடியாவது உயர்த்திக் கட்டுவது இரண்டு காரணத்துக்காக: வரப்போகும் மழையில் வேர் அழுகாது, உப்பும் வடிந்து இறங்கும். கரை கட்டி நடும்போது உச்சியில் நடக்கூடாது. இரண்டு பக்கமும் பாயும் தண்ணீர் உப்பைத் தள்ளிக்கொண்டுபோய்க் கரையின் உச்சியில்தான் சேர்க்கும். சரிவின் நடுவில் நட்டால் செடி தப்பும். புரட்டாசி முடிவதற்குள் பந்தல் கம்புகளை ஆழப்படுத்திவிட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை: விதைப்புக்கு ஓய்வு. 2016-ல் வர்தா, 2022-ல் மாண்டஸ், 2023-ல் மிக்ஜாம் ஆகிய மூன்றும் டிசம்பர் முதல் பாதியில், அதாவது கார்த்திகையில்தான் வந்தன. அதனால் ஐப்பசி தொடக்கத்திலேயே முருங்கைக் கிளைகளை வெட்டிக் குட்டையாக்கிவிடுங்கள். முருங்கை மெல்லிய மரம், காற்றுக்கு முதலில் சாய்வது அதுதான். கொல்லையின் தாழ்ந்த மூலையில் வடிகால் வெட்டிவிட வேண்டும். அது இரண்டு நாள் வேலை, ஆனால் ஆண்டின் மிக முக்கியமான வேலை. மழை பாத்தியின் உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோகும். அந்தத் தண்ணீர் வெளியேற வழி இல்லாவிட்டால் உப்பு அங்கேயே தங்கிவிடும். இந்த இரண்டு மாதமும் காலிப் பாத்திகளை பிளாஸ்டிக் ஷீட்டால் மூட வேண்டாம், மழை நேராக இறங்கட்டும்.

மார்கழி, தை: ஏரிக்கரைத் தோட்டத்துக்கு இதுதான் உண்மையான பட்டம். பழவேற்காட்டில் பூநாரைகள் கூட்டமாக இறங்கி நிற்கும் இந்த நாட்களில் மண் கழுவி இருக்கும், கிணறு இனிப்பாக இருக்கும், வெயில் மிதமாக இருக்கும். மற்ற மாதங்களில் முடியாத முள்ளங்கி, வெங்காயம், கொத்தமல்லி, தக்காளி, வெண்டை எல்லாம் இப்போது வரும். 'கார்த்திகைக்குப் பின் மழையில்லை' என்பார்கள். ஆகவே மழை விட்ட வாரமே மூடாக்கைப் போட்டுவிட வேண்டும். தை பிறக்கட்டும் என்று காத்திருந்தால் கழுவிப்போன உப்பு திரும்ப ஏறத் தொடங்கிவிடும். முள்ளங்கி 45 நாளிலும், கீரை 25 நாளிலும் கைக்கு வந்துவிடும். தண்ணீர் மாறுவதற்குள் இரண்டு முறை எடுக்கலாம்.

மாசி, பங்குனி: வெயில் ஏறும். கொத்தவரை, தண்டுக்கீரை, வெள்ளரி ஆகியவற்றைப் போட்டு, கிணற்று நீரை மறுபடி ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தையில் 0.8 காட்டிய கிணறு பங்குனியில் 2 காட்டினால், அந்த வீட்டின் பட்டம் தையோடு முடிகிறது என்று அர்த்தம். நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டுக்கு அதுவே அந்த வீட்டுப் பஞ்சாங்கம்.

ஷிப்ட் வேலைக்கு ஏற்ற மண்பானை

உப்பு மண்ணில் ஒரு விதி உண்டு: காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விடக்கூடாது. மண் காயக் காய அதிலிருக்கும் தண்ணீரில் உப்பின் அடர்த்தி கூடும். அளவாகவும் அடிக்கடியும் விட வேண்டும். இலைமேல் தெளிக்காமல் வேரில் விட வேண்டும். ஆனால் காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஆலைப் பஸ் ஏறுகிறவரும், இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புகிறவரும் இதை எப்படிச் செய்வது?

மண்பானைப் பாசனம் இதற்கு ஏற்றது. பூசாத, சுட்ட மண்பானை, ஏழெட்டு லிட்டர் கொள்வது ஒன்று. கழுத்து மட்டும் வெளியே தெரியப் புதைத்துச் சுற்றி நான்கு செடி நட வேண்டும். தண்ணீரை நிரப்பி மூடி வைத்தால், மண் காயக் காயப் பானை தானே கசிந்து கொடுக்கும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். வேரைச் சுற்றி ஈரம் குறையாததால் சற்று உப்பான தண்ணீரிலும் செடி பிழைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பானையை எடுத்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உப்புப் படிந்து நுண்துளைகள் அடைத்துவிடும்.

ஆலைப் பக்கத்திலிருந்து கொல்லைக்கு வரக்கூடாதவை

ஆலைகள் நிறைந்த வட்டாரத்தில் பிளாஸ்டிக் டிரம், கேன் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை வாங்கி மழைத் தண்ணீர் பிடிக்கவும், பாதியாக அறுத்துக் கீரை வளர்க்கவும் தோன்றும். அதில் முன்பு என்ன இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. ரசாயனம் வைத்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சிக்கொண்டது முழுக்கப் போகாது. உணவுப் பொருள் வைத்தது என்று நிச்சயமாகத் தெரிந்த டிரம் மட்டும் வீட்டுக்குள் வரலாம். இல்லாவிட்டால் சிமெண்ட் தொட்டியே மேல்.

தாழ்ந்த கொல்லையை மேடாக்க உலைக் கசடு, ஆலைச் சாம்பல், கட்டட இடிபாடு கொட்டுவதும் கூடாது. அடுப்பு விறகுச் சாம்பலும் ஆலைச் சாம்பலும் ஒன்றல்ல. விறகுச் சாம்பலைக்கூட உவர் மண்ணில் கைப்பிடிக்கு மேல் போடக்கூடாது. ஆலைச் சாம்பலில் எந்த உலோகம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது.

நெடுஞ்சாலையை ஒட்டிய வீடுகள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல்தான் நின்றது. அதற்கு முன் பல்லாண்டு புகையில் வந்த ஈயம் சாலையோர மேல்மண்ணிலிருந்து எளிதில் போகாது. ஈயத்தை அதிகம் ஏற்பவை கீரையும் கிழங்கும். மண்ணின் தூசி ஒட்டிக்கொள்வதும் அவற்றில்தான். காய்க்கும் பயிர்களில் அது குறைவு. ஆகவே சாலையோரக் கொல்லையில் தரையில் கத்தரி, பீர்க்கன், சுரை, அவரை போடலாம். கீரையை வேறிடத்து நல்ல மண் நிரப்பிய சாக்கில், வீட்டின் பின்புறம் வளர்க்கலாம். சாலைப் பக்கம் நெருக்கமான உயிர்வேலி ஒன்று வைத்தால் தூசியைத் தடுக்கும். எந்தக் கீரையையும் மூன்று தண்ணீரில் அலசிய பிறகே அரிய வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம், ஈயம் முதலில் பாதிப்பது குழந்தையின் மூளையைத்தான்.

ஏரி கொடுக்கும் உரம்

ஏரி உப்பை மட்டும் கொடுப்பதில்லை. மீன் சந்தையில் மிஞ்சும் தலை, குடல், செதில் நல்ல உரம். ஒரு கிலோ மீன் கழிவுக்கு ஒரு கிலோ நாட்டு வெல்லம் சேர்த்து, பிளாஸ்டிக் வாளியில் காற்றுப் புகாமல் மூடி நிழலில் வைத்தால் 21 நாளுக்குமேல் தேன் பதத்தில் மீன் அமிலம் கிடைக்கும். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி கலந்து மாலையில் தெளிக்கலாம். தெளிக்க மழைத் தண்ணீரே நல்லது.

இதில் ஓர் எச்சரிக்கை: பச்சை மீன் கழிவு மட்டுமே இதற்கு ஆகும். கருவாட்டுக் கழிவும், உப்புக் கண்டம் கழுவிய தண்ணீரும் செடிக்கு விஷம். இறால் ஓட்டையும் நன்றாகக் கழுவிய பிறகே மக்கு உரத்தில் சேர்க்க வேண்டும். ஏரி மணலையும் கடற்கரை மணலையும் தொட்டிக் கலவையில் போடக்கூடாது. தென்னை நார்க்கழிவு வாங்கினால் இரண்டு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகு பயன்படுத்த வேண்டும், அதிலும் உப்பு இருக்கும்.

மூன்று மொழியில் ஒரு கொடி

எல்லை ஊரின் அடுப்படியில் கீரைக்கு இரண்டு பெயர். புளிச்சகீரை வேலிக்கு அந்தப் பக்கம் கோங்கூரா, தண்டுக்கீரை தோட்டகூர, கொடிப்பசலை பச்சலி. இப்போது மூன்றாவது பெயரும் வந்திருக்கிறது. ஆலை வேலைக்காக வாடகை அறைகளில் தங்கியிருக்கும் ஒடிசா, வங்காளத் தொழிலாளர்களுக்கு அதே கொடிப்பசலை போய், புயி. அவர்கள் ஊரில் மீன் தலையோடு சேர்த்துச் சமைக்கும் கீரை அது.

சிறு இடம் உள்ளவர்கள் முதலில் வைக்க வேண்டிய கொடியும் இதுதான். விதை தேட வேண்டாம், ஒரு சாண் தண்டை ஒடித்து ஊன்றினால் போதும். சாக்கிலும் வளரும், கிரில் கம்பியிலும் ஏறும். மழைக்காலத்தில் மற்ற கீரைகள் அழுகும்போது இது தழைக்கும். கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். பக்கத்து அறைக்காரர்களுக்கு ஒரு தண்டு ஒடித்துக் கொடுத்தால், அடுத்த மாதம் அவர்கள் கொல்லையிலோ ஜன்னலிலோ அது ஏறியிருக்கும். நிலம் இல்லாதவர்களும் விவசாயம் செய்யும் வழி இப்படித்தான் பிறக்கிறது.

ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தபோது மண்ணைப் பரிசோதித்தவர்கள், ஒரு சென்ட்டுக்கு எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். விற்கும் நெல் பலர் வீட்டுக்குப் போகும். இந்த ஒரு சென்ட்டில் விளைவது முழுவதும் பேரப்பிள்ளையின் தட்டுக்குத்தான் வருகிறது. பரிசோதனை இதற்குத்தான் முதலில் தேவை.

ஆகவே இந்த ஆடிக்கு முன் ஒரு வேலை. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிய ஒரு லிட்டர் பாட்டிலில் விளிம்புவரை பிடித்துக்கொள்ளுங்கள். கொல்லையில் நான்கைந்து இடத்தில் ஆறங்குல ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி அரை கிலோ கட்டிக்கொள்ளுங்கள். பெயர், ஊர், கிணறா போரா, எத்தனை அடி என்று எழுதி ஒட்டி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்தால் பரிசோதனை நிலையத்துக்குப் போகும் வழியைச் சொல்வார்கள். பயிர் பற்றிய சந்தேகங்களுக்குத் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். அறிக்கை வந்த பிறகு விதைக் கடைக்குப் போங்கள். எந்த விதை வாங்க வேண்டும் என்பது அப்போது கையில் எழுதியே இருக்கும்.